செயின்ட் லூசியாவுக்கு டிசம்பரில் போகாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் குடும்பங்கள், செயின்ட் லூசியா ஊரை ஒட்டிய ஐசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குப் பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையில்தான் கிளம்புகின்றன. இந்தப் பூங்காவைப் பார்க்க அதைவிடத் தவறான மாதம் இல்லை. புல் உயர்ந்து நிற்பதால் பத்தடி தள்ளி நிற்கும் எருமைகூடக் கண்ணில் படாது. வெயிலுக்கு அஞ்சி நீர்யானைகள் பகலில் தண்ணீரை விட்டு ஏறுவதில்லை. பூங்காவுக்குள் இருக்கும் கேப் விடால் கடற்கரைக்கு ஒரு நாளில் இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பு உண்டு. விடுமுறைக் காலத்தில் அது காலையிலேயே நிரம்பி, தாமதமாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே குளிர்காலமான ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை போங்கள். ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிறுகளை விட்டுவிட்டு, வாரநாளில் போனால் இன்னும் நல்லது.

டர்பனிலிருந்து N2 நெடுஞ்சாலையில் வடக்கே, மூன்று சுங்கச்சாவடி தாண்டி, ம்டுபடுபாவில் R618-இல் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 240 கி.மீ., மூன்று மணி நேரம். திரும்பிய பிறகு வரும் கடைசித் துண்டுதான் கவனிக்க வேண்டியது: மாடும் ஆடும் சாலையில் நிற்கும், இருட்டினால் தெரியாது. பொழுதோடு போய்ச் சேருங்கள். பெட்ரோலைப் பூங்காவுக்குள் நுழையும் முன் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டு இரவு தங்காமல் போவதில் பலனில்லை. காரணம் விலங்குகளின் நேரம். வண்டியில் விலங்கு பார்க்கும் சுற்றுக்கு விடிகாலை வேண்டும். படகுக்கு, குளிர்காலத்தில், காலை பத்து மணி வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் அடக்க முடியாது.

முதலில் படகு. ஊர்ப் பாலத்தருகே ஏறி, கழிமுகத்தில் இரண்டு மணி நேரம் போய்வரும் பயணம். ஏறத்தாழ 800 நீர்யானைகளும் 1,200 முதலைகளும் இந்த நீர்நிலையில் இருப்பதாகக் கணக்கு. முதலைக்கு உடல் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிர்ந்த இரவுக்குப் பிறகு வெயில் ஏறியதும் சேற்றுக் கரையில் வந்து கிடக்கும்; சூடு மிஞ்சினால் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். நீர்யானைகளும் இந்த மாதங்களில் பகலிலேயே கரையில் ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துப் படுத்திருக்கும். மேல்தட்டில் உட்கார்ந்தால் முழுக் கூட்டமும் தெரியும், ஆனால் படம் எடுக்கக் கீழ்த்தட்டே சரி. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால், மூழ்கி எழும் நீர்யானை காதைச் சுழற்றி நீரைச் சிதறடிப்பதும், பெருமூச்சோடு மூக்குத் துளைகள் திறந்து மூடுவதும் கைக்கெட்டும் தூரத்தில் நடப்பது போலிருக்கும். வாயை அகலத் திறப்பதைக் கொட்டாவி என்று நினைத்துக் குழந்தைகள் கைதட்டுவார்கள். 'கிட்டே வராதே' என்பதற்கு அது காட்டும் அடையாளம் அது. பெரிய படகை விடச் சிறிய படகு நாணல் ஓரமாக நெருங்கிப் போகும்; கட்டணம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

மறுநாள் பூங்காவின் பங்காசி வாயில். குளிர்காலத்தில் ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடுவார்கள். திறக்கும்போதே நிற்க வேண்டும். கேப் விடால் வரை முப்பது கி.மீ.க்கு மேல் நல்ல தார்ச்சாலை, சாதாரணக் காரே போதும். நேராகக் கடலுக்கு ஓட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மண் கிளைச்சாலைகளில் மெதுவாகப் போனால்தான் காண்டாமிருகம், எருமை, குடு மான், வரிக்குதிரை எல்லாம் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் சிறுத்தை. இந்தப் பகுதியில் சிங்கம் இல்லை, தேடி நேரம் போக்காதீர்கள். குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது.

கேப் விடாலில் பாறைத் திட்டுக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாக இருக்கும், நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலை பத்து மணிவாக்கில் கடல் நன்றாக வற்றும், அதுதான் நேரம். பிற்பகல் காற்று எழும்பினால் தண்ணீர் கலங்கிவிடும். ஏரியிலோ கழிமுகத்திலோ கால் நனைக்கவே வேண்டாம். முதலை, நீர்யானை மட்டுமல்ல, சுறாவும் அங்கே வரும்.

இங்கே கூன்முதுகுத் திமிங்கிலம் ஜூன் முதல் நவம்பர் வரை தெரியும். பின்னாலுள்ள மணல்மேட்டிலிருந்து பைனாகுலரில் பார்ப்பதே பலருக்குப் போதும். கடலில் போவதென்றால் அனுமதி பெற்ற படகைத் தேர்ந்தெடுங்கள்: மற்றவை 300 மீட்டருக்குள் போகக் கூடாது, அனுமதிப் படகு 50 மீட்டர் வரை நெருங்கலாம். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

கேப் விடாலில் தங்கும் மரவீடுகளில் சமையலறை உண்டு. ஊர் உணவகங்களில் மீனும் இறைச்சியுமே அதிகம் என்பதால், புரட்டாசியில் வருகிறவர்கள் அரிசி, பருப்பு, காய்கறி கொண்டுவந்துவிடுவது நிம்மதி. ஆனால் வெர்வெட் குரங்குகள்! ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்துத் திரும்புவதற்குள் போய்விடும். பையின் ஜிப்பைத் திறக்கவும் அவற்றுக்குத் தெரியும். ஜன்னலை மூடுங்கள், சாப்பாட்டைக் காரில் பூட்டுங்கள், கையால் ஊட்டாதீர்கள். ஊட்டிப் பழகிய குரங்குதான் பிறகு குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும்.

டிசம்பரில்தான் போக முடியும் என்றால் ஒரே ஒரு காரணத்துக்காகப் போகலாம்: நவம்பரிலிருந்து லாகர்ஹெட், லெதர்பேக் ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டும் போக வேண்டும், முன்பதிவு அவசியம். மழைக்காலம் என்பதால் மலேரியா பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருட்டிய பிறகு ஊர்த் தெருக்களிலும் நீர்யானைகள் புல் மேய வரும். உணவகம் இருநூறு மீட்டர்தான் என்றாலும் காரிலேயே போங்கள். வழியில் ஒன்று எதிர்ப்பட்டால் விளக்கை மங்கலாக்கி நின்றுவிடுங்கள், அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.