பில்லில் ‘பேலன்ஸ்’: மீதியா, பாக்கியா?

பழைய வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் பில்லைத் தமிழில் அடிக்கப் போகிறார். "பேலன்ஸுக்கு மீதின்னு போடவா, பாக்கின்னு போடவா?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

பணம் யாருக்கு?
மீதி: 500 ரூபாய் நீட்டி 430-க்குச் சாமான் வாங்கினால் 70 மீதி. வாங்கினவர் கைக்குத் திரும்பும்.
பாக்கி: அதே சாமானுக்கு 300 கொடுத்துவிட்டு 130-ஐ நிறுத்தினால் அது கடைக்கு வரவேண்டியது.

பேச்சில்?
இங்கேதான் சிக்கல். காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கிவிட்டு "அக்கா, பாக்கி குடுங்க" என்றாலும் ஈரக் கையோடு சில்லறையை எண்ணித் தருவார்கள். ஆள் எதிரே நிற்பதால் குழப்பமில்லை. பில்லில் வெறும் ‘பாக்கி 70’ என்றிருந்தால், யார் யாருக்குத் தரவேண்டும் என்று அடுத்த வாரம் வாக்குவாதம் வரும். அரபியிலிருந்து வந்த பாக்கிக்கு மூலப்பொருளே ‘எஞ்சியது’தான், அதனால் இரண்டும் கலப்பதில் வியப்பில்லை.

மற்றபடி?
மீதி: சாப்பிட்டது போக உள்ள சோறு, தைத்தது போக உள்ள துணி.
பாக்கி: கொடுக்காத வாடகை, முடிக்காத வேலை.

பேலன்ஸ் என்ற சொல்லே இரண்டு தட்டுத் தராசைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சைக்கிள் பழகும் பிள்ளைக்கு வேண்டிய பேலன்ஸ் சமநிலை. பேங்க் கணக்கில் அது இருப்பு. அங்கெல்லாம் மீதி, பாக்கி இரண்டுமே ஒட்டாது.

நண்பருக்கு நான் சொன்னது: ரொக்க பில்லுக்கு மீதி, கடன் நோட்டுக்குப் பாக்கி. மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுதினால் மட்டும் பாக்கிக்குப் பதில் நிலுவை.