அஞ்சடி ரெண்டுக்கு எத்தனை கிலோ? ஆறு கணக்கு, ஆறு பதில்

என் உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம்; சென்டிமீட்டரில் 157. வயது 46. போன வருஷம் ஆடி மாசம் 74 கிலோ இருந்தேன். ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.1 என்று வந்தது. 5.7-லிருந்தே சர்க்கரை நோய்க்குப் போகும் பாதை தொடங்கிவிடுகிறது, 6.5 தொட்டால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். இளைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு இளைப்பது என்பதில்தான் குழம்பிப் போனேன்.

பெரியம்மா சொன்ன கணக்குப்படி நான் 57 கிலோ இருக்க வேண்டும். கிளினிக் சுவரில் இருந்த அட்டவணைப்படி 61 வரை சரி. இந்தியர்களுக்கென்று வகுத்த எல்லையில் அதுவே 56. செல்போனில் தட்டிப் பார்த்த 'ஐடியல் வெயிட்' கால்குலேட்டர் 50 என்றது. பீரோவில் மடித்து வைத்திருக்கும் கல்யாண ரவிக்கை 48 என்கிறது. டாக்டரம்மாவோ, "மொதல்ல ஒரு நாலு கிலோ குறைங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். அப்படியென்றால் 70.

48 எங்கே, 70 எங்கே! எந்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறோமோ அதற்கேற்றபடி தட்டில் விழும் சோறு மாறும், ராத்திரித் தூக்கம் மாறும், கண்ணாடி முன்னால் நிற்கும்போது மனசு மாறும். அதனால் ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நூறைக் கழிப்பதும் கால்குலேட்டரும்

பெரியம்மாவின் கணக்கு எல்லா வீட்டிலும் புழங்குவதுதான்: சென்டிமீட்டர் உயரத்தில் நூறைக் கழி, வருவது உன் எடை. 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறுவை சிகிச்சை மருத்துவர் பால் புரோக்கா பெயரில் வழங்கும் கணக்கு அது. மனசுக்குள்ளேயே போட்டுவிடலாம், அதுதான் அதன் பலம். ஆனால் எல்லா உயரத்துக்கும் அது ஒரே மாதிரி நியாயம் செய்வதில்லை. 155 சென்டிமீட்டர் இருப்பவருக்கு 55 கிலோ. எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை குறியீடு, நாம் பிஎம்ஐ என்று சொல்வது, 22.9 வருகிறது. 23-க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற இந்திய எல்லைக்குள் கச்சிதமாக நிற்கிறது. 175 இருப்பவருக்கு 75 கிலோ, பிஎம்ஐ 24.5 ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது. 145 இருக்கும் பாட்டிக்கோ 45 கிலோ, பிஎம்ஐ 21.4. உயரமானவருக்குத் தாராளம், குள்ளமானவருக்குக் கறார். அஞ்சடியை ஒட்டிய உயரத்தில் இருக்கும் நம்மூர்ப் பெண்களுக்குப் பெரிய தப்பு வராது. வளர்ந்த பையன்களுக்கு இதைச் சொல்லாதீர்கள்.

கால்குலேட்டர் சொன்ன 50 எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கோபமே வந்தது. அது 1974-ல் டிவைன் என்பவர் மருந்தின் அளவைக் கணக்கிடுவதற்காகக் கொடுத்த சூத்திரம். பெண்ணுக்கு அஞ்சடிக்கு 45.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ. இந்த எடையில் இருந்தால் ஆரோக்கியம் என்று யாரும் சோதித்துப் பார்த்து எழுதியது அல்ல. அதை 'ஐடியல்' என்று பெயர் சூட்டிப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். இதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

பிஎம்ஐ: ஒரே சூத்திரம், இரண்டு எல்லைகள்

கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது பிஎம்ஐ. பெல்ஜியத்தைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் கெட்லே 1830-களில் மக்கள்தொகையின் சராசரியைப் புரிந்துகொள்ளப் போட்ட கணக்கு. 1972-ல் அமெரிக்க விஞ்ஞானி ஆன்செல் கீஸ்தான் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். தனி ஆளின் உடம்பை அளக்கப் பிறந்தது அல்ல என்றாலும் எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. காரணம், இது ஓர் எண்ணைத் திணிக்காமல் ஓர் அகலத்தைக் கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 18.5 முதல் 24.9 வரை என்ற வரம்பில் என் உயரத்துக்கு 45.6 கிலோவிலிருந்து 61.4 கிலோ வரை எல்லாமே சரி.

ஆனால் மேல் எல்லை நமக்குப் பொருந்தாது. லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ அச்சு அசலாக 22.3. உடம்பில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கும் உருவத்தை நம் தெருவில் எத்தனை பார்க்கிறோம். இப்படிப்பட்ட காரணங்களால்தான் 2009-ல் இந்திய மருத்துவர்கள் கூடி 23-லிருந்தே அதிக எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று வகுத்தார்கள். அதன்படி என் மேல் எல்லை 56.4.

எச்சரிக்கை மணி என்ற அளவில் இரண்டில் இந்திய எல்லைதான் சரி. ஆனால் 74-ல் நிற்கிற ஒருத்தி போய்ச் சேர வேண்டிய ஊர் 56 என்று அதற்கு அர்த்தம் இல்லை. காலம் முழுக்க 56 கிலோவாகவே இருந்தவளும், 74-லிருந்து 56-க்கு இறங்கி வந்தவளும் ஒன்றல்ல. எடை குறையக் குறைய உடம்பு கேட்கும் தீனியும் குறைகிறது. 18 கிலோ இறங்கினால், சும்மா படுத்திருக்க ஆகும் செலவில் மட்டும் தினமும் ஏறக்குறைய 180 கலோரி குறைந்துவிடும். மூன்று சின்ன இட்லி. ஒரு வாரத்துக்கு இல்லை, ஆயுசுக்கும் அந்த மூன்று இட்லியை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு நான் தயாரா என்று எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

கல்யாண எடை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலான பெண்களின் மனசுக்குள் இருக்கும் உண்மையான இலக்கு இதுதான்.

கல்யாணமான புதிதில் ரயில்வே ஸ்டேஷனில் எடை பார்த்த அட்டை என்னிடம் இன்னும் இருக்கிறது. கலர் பல்புகள் சுற்றும் பெரிய மெஷினில் காசு போட்டால் கீழே விழுமே, அந்தச் சின்னக் கெட்டி அட்டை. ஒரு பக்கம் 48 கிலோ, மறுபக்கம் ஒரு வரி பலன். அதையும் ரவிக்கையையும் ஒரே பையில் வைத்திருந்தேன். ரவிக்கையின் பக்கத் தையலை இரண்டு முறை பிரித்துவிட்டாயிற்று. உள்ளே விட்டிருந்த துணியின் நிறம் மட்டும் இன்னும் அடர்த்தியாக, அன்றைக்கு எடுத்த பட்டு மாதிரியே இருக்கிறது. மூன்றாவது முறை பிரிக்க அதில் துணி இல்லை.

அந்த 48 கிலோ உடம்புக்கு வயது 23. இரண்டு பிரசவம் பார்க்காத உடம்பு. காலேஜுக்கு இரண்டு பஸ் மாறி, மத்தியானம் ஆறிப்போன டிபன் பாக்ஸைப் பாதி சாப்பிட்டு வந்த உடம்பு. அது நான் முயற்சி செய்து அடைந்த எடை இல்லை. அந்த வயதும் அந்த வாழ்க்கையும் கொடுத்தது. 46-ல் அதை எட்ட மூன்றில் ஒரு பங்கு உடம்பைக் கரைக்க வேண்டும். கரைவதில் தோராயமாக நாலில் ஒரு பங்கு தசையாகவும் இருக்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் தசையையும் எலும்பையும் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு.

1997-ல் அமெரிக்காவில் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் உடல் பருமன் உள்ள 60 பெண்களிடம் என்ன எடைக்கு ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டார்கள். சராசரி ஆசை, உடம்பில் 32 சதவீதம் குறைய வேண்டும் என்பது. கூடவே, 'எத்தனையில் நின்றால் ஏமாற்றமாக இருக்கும்' என்றும் கேட்டு வைத்தார்கள். 48 வாரம் சிகிச்சை கொடுத்துச் சராசரியாக 16 கிலோ குறைத்தும், கிட்டத்தட்ட பாதிப்பேர் அந்த ஏமாற்ற எடையைக்கூட எட்டவில்லை. 16 கிலோ! எவ்வளவு பெரிய சாதனை அது. எதிரில் வைத்த எண் தப்பாக இருந்ததால் அதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்களே என்பதுதான் என்னை உறுத்துகிறது. என் 48-ம் கிட்டத்தட்ட அதே மாதிரி ஆசைதான், 35 சதவீதம்.

பழைய எடை ஒன்று வேண்டுமென்றால், கல்யாணத்தை விட்டுவிட்டு, முப்பது வயதுக்குப் பிறகு பட்டினி கிடக்காமல் குறைந்தது ஒரு வருஷமாவது நின்ற எடை எது என்று யோசியுங்கள். எனக்கு அது 64. சின்னவன் யுகேஜி படித்த காலம். அவனைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவர நாலு நடை நடந்தேன். உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த எடை என்பதால் இதை நம்பலாம்.

நாலு கிலோ என்ற சின்னக் கணக்கு

டாக்டரம்மா சொன்னது இருக்கிற எடையில் 5 சதவீதம். கேட்டபோது சப்பென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. ஆனால் சான்று அதிகம் இருப்பது இந்தச் சின்னக் கணக்குக்குத்தான். அமெரிக்காவில் சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகக் கொடுத்தார்கள்; நோயாக மாறுவது 58 சதவீதம் குறைந்தது என்று 2002-ல் முடிவு வந்தது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய ஆய்வு, 2006-ல் வெளியானது, இன்னும் ஆச்சரியம். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. எடையோ பெரிதாகக் குறையவே இல்லை. தராசு முள் அசையாத மாதங்களில் நான் சோர்ந்துபோகாமல் இருந்ததற்கு இந்த ஆய்வுதான் காரணம்.

ஏற்கெனவே சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் இது போதாமல் போகலாம். 2017-ல் பிரிட்டனில் வெளியான டைரெக்ட் ஆய்வில் 15 கிலோ இலக்கு வைத்து இறங்கியவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ஒரு வருஷத்தில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அது மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு தானாகச் சாப்பாட்டைக் குறைத்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரலாம்.

இஞ்ச் டேப்

தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் டேப்தான் என் கணக்கில் முதல் மார்க் வாங்குகிறது. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும், எனக்கு 78.5 சென்டிமீட்டர். இந்திய எல்லையும் பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90. சேலை கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். பாவாடை நாடா தடம் எப்போதும் தாழ்வாக இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் பாருங்கள். வயிற்றை எக்காதீர்கள். முதல் நாள் எனக்கு 96 வந்தது. மறுபடி மூன்று முறை அளந்தேன், மாறவில்லை.

உப்பு கூடினால், சோறு கூடினால் தராசு ஒரே நாளில் ஒரு கிலோ ஏறும். டேப் அப்படித் துள்ளாது. ஜிம்மில் ஒரு மெஷினில் ஏற்றிக் கொழுப்புச் சதவீதம் சொன்னார்கள். காலையில் 38, தண்ணீர் குடித்துவிட்டு மாலையில் போனபோது 41. மின்சாரம் உடம்பு நீர் வழியாகப் பாய்வதை வைத்துப் போடும் ஊகக் கணக்கு அது. அந்த 41-ஐ காட்டியே ஆறு மாதப் பேக்கேஜ் விற்கப் பார்த்தார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டேன்: முதலில் 70, பிறகு 64-க்குப் பக்கம், கூடவே டேப். 56-ஐ எச்சரிக்கைப் பலகையாக மட்டும் வைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு 70 வந்தது. சித்திரையில் 67. அதன்பின் ஆறு மாதமாக அங்கேயே நிற்கிறது. இடுப்பு 87, சர்க்கரைச் சராசரி 5.6. பொங்கல் வரை இந்த 67-ஐ ஏறவிடாமல் வைத்திருப்பதுதான் இப்போது என் இலக்கு. அது இளைப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

இதே டேப்பை வீட்டுக்காரர் இடுப்பில் சுற்றியபோதுதான் ஆளுக்கு ஆள் கணக்கு எப்படி மாறுகிறது என்று புரிந்தது. அவர் 172 சென்டிமீட்டர், 71 கிலோ. பெரியம்மா கணக்குப்படி இன்னும் ஒரு கிலோ ஏறலாம். சுவர் அட்டவணையில் பிஎம்ஐ 24, பச்சைக் கட்டத்தில் நிற்கிறார். "எனக்கென்ன, நான் சரியாத்தான் இருக்கேன்" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். டேப் 98 காட்டியது. உயரத்தில் பாதி என்றால் 86. அவருக்கு எடை இலக்கே வைக்கவில்லை. 98-ஐ 92 ஆக்குவது மட்டும்தான். சாயங்காலம் மிக்சர் டப்பாவை இப்போது மேல் பரணில் வைத்திருக்கிறோம், ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் கூட்டிப் போகிறேன்.