டிஎஸ்என்னா, ஸ்போர்ட்ஸ்நெட்டா?

கனடாவில் ஒரே ஒரு விளையாட்டு சேனலுக்குத்தான் காசு கட்டுவேன் என்றால் எதை எடுப்பது? டிஎஸ்என்னை 1984-இல் தொடங்கியது லபாட் பீர் கம்பெனி, இப்போது பெல் என்ற தொலைத்தொடர்பு கம்பெனி கையில். ஸ்போர்ட்ஸ்நெட் 1998-இல் வந்தது, இப்போது பெல்லின் போட்டிக் கம்பெனியான ரோஜர்ஸுடையது. ஐஸ் ஹாக்கிதான் உயிர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்போர்ட்ஸ்நெட்தான்: 2013-இல் ரோஜர்ஸ் 12 வருடத்துக்கு 520 கோடி டாலர் கொட்டி என்எச்எல் என்ற பெரிய ஐஸ் ஹாக்கி லீகின் ஆட்டங்களை நாடு முழுக்க ஒளிபரப்பும் உரிமையை அள்ளிக்கொண்டது, அப்புறம் ப்ளூ ஜேஸ் பேஸ்பால் அணியே அவர்களுடையது என்பதால் அந்த ஆட்டங்களும் அங்கேதான்.

சரி, டிஎஸ்என் சும்மா இருந்ததா? 2014-இல் இரண்டு சேனலை ஐந்தாக்கியது. கனடிய ஃபுட்பால் லீகான சிஎஃப்எல் அவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் உலக ஜூனியர் (20 வயதுக்குட்பட்டோர்) ஐஸ் ஹாக்கிப் போட்டியும் அவர்களிடம். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளுக்காகவே என் ஓட்டு டிஎஸ்என்னுக்கு. டொராண்டோ கூடைப்பந்து அணியான ராப்டர்ஸின் ரசிகர் பாடுதான் திண்டாட்டம், ஆட்டங்களை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.