1,380 வெள்ளிக்கு நகல் சிலை: பிரிக்காத பெட்டியை நம்பி ஏமாந்தேன்

நேற்று இரவு அந்தக் கடைக்காரர் என் கைப்பேசி எண்ணைத் தடை செய்துவிட்டார். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். 1,380 வெள்ளி. மிகைநேர வேலை செய்து மாதாமாதம் எடுத்துவைத்த பணம். காமிக்ஸ் நாயகர்களின் சிலைகளைச் சேர்ப்பவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைப்பவர்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். தரம் பார்ப்பது எப்படி என்பதையும் இறுதியில் சொல்கிறேன்.

என் மகன் சிங்கப்பூரின் கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையில் இருக்கிறான். பிராஸ் பாசா காம்ப்ளெக்சின் பழைய புத்தகக் கடைகளில் ஸ்பைடர்மேன் இதழ்களைத் தேடித் தேடி வாங்கிக் கொடுத்துத்தான் சின்ன வயதில் அவனைப் படிக்கவே வைத்தேன். புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியை முடித்து அவன் வீட்டுக்கு வரும் நாளில், அவனுடைய மேசைமேல் ஒரு நல்ல ஸ்பைடர்மேன் சிலை நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிளாஸ்டிக் பொம்மை அல்ல. ரெசினில் கல்தூளைக் கலந்து வார்த்து, கையால் வண்ணம் தீட்டிய பாலிஸ்டோன் சிலை. ஆள் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு அளவு.

பழைய கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடியில், புதியதும் பழையதுமாகப் பொம்மைகளும் சிலைகளும் விற்கும் சிறிய கடை. பெயரை எழுதப்போவதில்லை. கண்ணாடிப் பேழைக்குள் மாதிரிச் சிலை ஒன்று நின்றது. புகைபோக்கியின் விளிம்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்திருந்த ஸ்பைடர்மேன். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் தமிழர், முப்பது வயதிருக்கும். யாருக்கு வாங்குகிறேன், மகன் எந்தப் படைப்பிரிவு என்றெல்லாம் விசாரித்தார். தானும் தெக்கோங்கில் வெயிலில் காய்ந்தவன்தான் என்றார். உள்ளிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

“திறந்து பார்க்கலாமா தம்பி?” என்று கேட்டேன்.

“தாராளமாகத் திறக்கலாம் அண்ணே, உங்கள் பொருள். ஆனால் இந்த டேப்பை வெட்டிய அடுத்த நிமிடமே முந்நூறு வெள்ளி மதிப்பு போய்விடும். உங்கள் மகன் கையாலேயே திறக்கட்டுமே. நம் ஆளை நான் ஏமாற்றுவேனா?”

சொல்லிக்கொண்டே டேப்பின்மீது கட்டைவிரலை மெதுவாக ஓட்டிக் காட்டினார். எங்கும் பிரியவில்லை, சுருக்கமில்லை. அந்த விரலைத்தான் நான் நம்பினேன். 1,380 வெள்ளியை, கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ் வழியாக, அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பினேன். கையால் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் ‘சிலை 1’ என்று மட்டும் இருந்தது.

பதினொரு நாள் கழித்து மகன் வந்தான். டேப்பை வெட்டியதுமே வாடை. முந்தாநாள் அடித்த சுவர்ப்பூச்சு மாதிரி மூக்கில் ஏறியது. சிலையை எடுத்து மேசையில் வைத்த என் மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா, வலைக்கோடுகளைத் தொட்டுப் பாருங்கள்” என்றான்.

தொட்டுப் பார்த்தேன். பேழையிலிருந்த சிலையில் உடையின் கருப்புக் கோடு ஒவ்வொன்றும் செதுக்கியதுபோல் கூர்மையாக இருந்தது. இதில் தோள்பட்டைவரை ஏதோ தெரிகிறது, முதுகில் கோடுகள் கரைந்துபோய், வழவழப்பான சிவப்புதான் மிச்சம். வெள்ளைக் கண்ணுக்குள் கருப்பு வண்ணம் கசிந்து இறங்கியிருந்தது. அக்குளில் ஒரு வலை இருக்கும், 1962இல் ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் கதையிலிருந்தே இருப்பது. அது நூலிழையாகத் தொங்க வேண்டும். இங்கே மென்று துப்பிய சூயிங்கம்போல் திரண்டு ஒட்டியிருந்தது. முழங்காலுக்குப் பின்னால் ஊசி குத்தியதுபோல் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள். பீடத்தின் அடியில் இருந்த வரிசை எண்ணை நகத்தால் சுரண்டினேன். உரிந்து கையோடு வந்துவிட்டது. வெறும் ஒட்டுத்தாள்! பெட்டியில் ஓர் எண், பீடத்தில் வேறோர் எண்.

மகனின் நண்பனிடம் இதே சிலையின் அசல் இருக்கிறது. மறுநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தோம். என்னுடையது நான்கு மில்லிமீட்டர் குள்ளம். அசல் சிலையின்மேல் அச்சு எடுத்து மறுபடி வார்க்கும்போது ரெசின் சற்றுச் சுருங்கும், நுணுக்கங்களும் மழுங்கும் என்று அந்தப் பையன் விளக்கினான். பெட்டி மட்டும் அசல். உள்ளே நகல். டேப்பையும் அவர்களே ஒட்டியிருக்கிறார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் கொதிக்க வைக்கிறது. முதல் நாள், “கையால் தீட்டிய வண்ணம் அண்ணே, ஒவ்வொன்றும் கொஞ்சம் மாறும்” என்றார். குள்ளமாக இருப்பதும் வண்ணத்தாலா என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் நாள், முதலாளி ஜோகூர் போயிருக்கிறார் என்றார். அதுவரை அவரே முதலாளி என்றல்லவா நினைத்திருந்தேன்! ஒரு வாரம் கழித்து நேரில் போனேன். வேறு வாடிக்கையாளர் நின்றதால் என்னை வெளி நடைபாதைக்கு அழைத்துப்போய், 150 வெள்ளிக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். 1,380 எங்கே, 150 எங்கே? நான் மறுத்ததும் குரல் மாறியது. “அசலை நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டு நகலைக் கொண்டுவந்தால் நான் என்ன செய்வது?” என்றார். என் மகன் பக்கத்தில் நின்று அதைக் கேட்டான். பணம் போனதைவிட அந்தச் சொல் வலிக்கிறது.

நேற்று இரவு அவருக்குக் கடைசியாக ஒரு செய்தி அனுப்பினேன். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே, குறையுள்ள பொருளுக்குக் கடையைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் இருக்கிறது, வாங்கிய ஆறு மாதத்திற்குள் தெரியும் குறை பொதுவாகப் பொருளைக் கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியது கடைதான் என்று எழுதினேன். படித்ததற்கான நீலக்குறி விழுந்தது. அத்தோடு தடை.

தரம் பார்ப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, வேலைக்கும் நேரமாகிவிட்டது. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள், மதிப்பு போனால் போகட்டும். மஞ்சள் விளக்கில் பார்க்காதீர்கள், கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து முதுகையும் கண்ணோரத்தையும் பாருங்கள். பீடத்தைத் திருப்பி எண்ணைச் சுரண்டுங்கள், பெட்டியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். கடையின் பெயரில் ரசீது, அதில் ‘அசல்’ என்ற சொல், இரண்டும் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். தனியாள் ஒருவரிடம் வாங்கினால் லெமன் சட்டம் உதவாது.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டேன். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளிவரை பயனீட்டாளருக்குப் பதிவுக் கட்டணம் பத்து வெள்ளிதான், வழக்கறிஞரும் தேவையில்லை. இன்று மாலை வீடு திரும்பியதும் பதிவு செய்யப்போகிறேன். நேற்று மகன் அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறான். அதே பேழை, அதே மாதிரிச் சிலை, பக்கத்தில் பிரிக்காத இன்னொரு பெட்டி. விலைச்சீட்டில் 1,380.