கடைவழி நன்கொடை டோக்கன்: பத்து ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

லண்டனின் வடமேற்குப் புறநகரில் குடியிருக்கும் நான், 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இங்குள்ள சூப்பர்மார்க்கெட்டுகளின் நன்கொடைத் திட்டங்களை இரண்டு நிலைகளில் பயன்படுத்தி வருகிறேன். சாமான் வாங்கிவிட்டு, கடை தரும் டோக்கனை நன்கொடைப் பெட்டியில் போடும் வாடிக்கையாளர் என்பது ஒன்று. அந்தப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதும் ஒரு சிறிய முதியோர் மதிய உணவுக் குழுவின் தொண்டர் என்பது மற்றொன்று. கடைக்குப் போகும் நம்மவர்களில் பலர் அந்த டோக்கனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அது என்ன, எவ்வளவு பெறும், யாருக்குப் பயன்படும் என்பதை அனுபவத்திலிருந்து எழுதிவைத்தால், டோக்கனைப் போடுபவருக்கும் விண்ணப்பிக்க நினைக்கும் சிறு குழுக்களுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டோக்கன் நம் பணம் அன்று. அதைப் போடுவதால் கடையின் நன்கொடை கூடுவதும் இல்லை. வெயிட்ரோஸ் என்னும் சூப்பர்மார்க்கெட் 2008இல் தொடங்கிய திட்டத்தில், பில் போட்டு முடித்ததும் பச்சை நிறப் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை டோக்கனாகத் தருவார்கள்; வெளியே போகும் வழியில் மூன்று அறைகள் கொண்ட கண்ணாடி போன்ற பெட்டி இருக்கும்; ஒவ்வோர் அறையின் மேலும் ஓர் உள்ளூர் அமைப்பின் பெயரும் இரண்டு வரி விளக்கமும் ஒட்டியிருக்கும். பெரிய கிளைகளில் மாதத்துக்கு 1,000 பவுண்டை, விழுந்த வில்லைகளின் விகிதப்படி அந்த மூன்று அமைப்புகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் 10,000 வில்லைகள் விழுந்தன என்று வைத்துக்கொண்டால், நம் கையிலிருக்கும் ஒரு வில்லை 10 பென்ஸை யாருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. டெஸ்கோ என்னும் மற்றொரு சூப்பர்மார்க்கெட்டின் நீல டோக்கன் வேறு வகை. அங்கே விகிதம் இல்லை, இடம் மட்டுமே உண்டு: முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று மூன்று தொகைகள் முன்பே முடிவாகியிருக்கும், நம் டோக்கன் அந்த வரிசையை மட்டும் நிர்ணயிக்கும். ஆகவே நீலப் பெட்டியில் பெயர் ஏறிய நாளிலேயே மூன்று குழுக்களுக்கும் ஏதோ ஒரு தொகை உறுதியாகிவிடுகிறது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டியதே. இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 5 முதல், 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை நிறுவனங்கள் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு 5 பென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் பணம் அரசுக்கு வரியாகப் போகவில்லை. நற்பணிகளுக்குக் கொடுப்பார்கள் என்று அரசு எதிர்பார்த்தது, ஆனால் கட்டாயப்படுத்தவில்லை. டெஸ்கோவின் திட்டம் அந்தப் பைக்காசை ஆதாரமாகக் கொண்டு தொடங்கியது. கிரவுண்ட்வொர்க் என்னும் அறக்கட்டளை அதை நடத்திக்கொடுத்தது. தொடக்கத்தில் ஒரு வட்டாரத்துக்கு 12,000, 10,000, 8,000 பவுண்டு என்று இருந்த மூன்று தொகைகள் பின்னர் 4,000, 2,000, 1,000 ஆகி, பிற்பாடு 1,500, 1,000, 500 என்று குறைந்தன. மக்கள் வீட்டிலிருந்து பை கொண்டுவரப் பழகியதால் பை விற்பனை சரிந்தது என்பதை நினைக்கும்போது இந்தக் குறைவில் எனக்கு வருத்தம் இல்லை. சட்டம் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் குறையத்தான் வேண்டும் என்று அமைந்த வருமானத்தை நம்பி ஒரு குழு தன் ஆண்டுச் செலவைத் திட்டமிடக் கூடாது என்பதை நாங்கள் அதிலிருந்துதான் கற்றோம்.

நான் விருதுநகர்க்காரி. எங்கள் தாத்தாவின் மளிகைக் கடைக் கணக்கில் மகமை என்று தனியாக ஒரு பற்று இருக்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் உறவின்முறை என்னும் எங்கள் சமூக அமைப்புக்குக் கொடுத்த அந்தப் பணத்தில்தான் கிணறும் பள்ளிக்கூடமும் பங்குனிப் பொங்கலும் நடந்தன. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கி நடத்திய பள்ளி என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். இந்தப் பின்னணியோடு பார்க்கும்போது, இங்குள்ள திட்டங்களில் மகமைக்கு நெருக்கமாக எனக்குத் தோன்றியது கோ-ஆப்பின் முறைதான். 1844இல் ராச்டேலில் நெசவாளர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையின் வழிவந்த நிறுவனம் அது. ஒரு பவுண்டு கட்டினால் யாரும் உறுப்பினராகலாம். 2016இல் அவர்கள் உறுப்பினர் திட்டத்தைப் புதுப்பித்தபோது, கடையின் சொந்தத் தயாரிப்புகளுக்கு நாம் செலவிடும் தொகையில் 5 விழுக்காடு நம் கணக்குக்கும் 1 விழுக்காடு நாம் தேர்ந்தெடுக்கும் உள்ளூர் அமைப்புக்கும் போனது. 2020இல் அது இரண்டு பக்கமும் பவுண்டுக்கு 2 பென்ஸ் என்று மாறியது. 2024இன் தொடக்கம் வரை நடந்த அந்த முறையில், வாங்க வாங்கத் தொகை வளர்ந்ததும், எந்த அமைப்புக்கு என்று நாமே சொன்னதும் மகமையின் சாயல் கொண்டவை. ஒரு வேறுபாடு உண்டு, அது பெரியது: மகமைப் பணத்தை என்ன செய்வது என்று கொடுத்தவர்களே கூடி உட்கார்ந்து பேசினார்கள், கணக்கு கேட்டார்கள். இங்கே எவ்வளவு, யாருக்கு, எதுவரை என்பதைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்கிறது.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, முப்பது பேர் வரை முதியவர்களுக்குச் சோறும் சாம்பாரும் ஒரு கறியும் பரிமாறுகிறோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் அதிகம்; தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகளோடு வந்துவிட்டவர்கள் சிலர்; பக்கத்துத் தெருக் குஜராத்திப் பாட்டிமார் இருவர்; தனியாக வாழும் ஆங்கிலேயர் ஒருவர். 2017இல் ஒரு சங்கிலித் தொடர்க் கடையின் டோக்கன் நிதிக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியானது. குழுவின் பணத்தைப் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் வைத்திருந்தோம், எழுதப்பட்ட விதிமுறை எதுவும் இல்லை. நம் சமூகத்தில் நல்ல வேலை செய்யும் எத்தனையோ குழுக்கள் இப்படித்தான் நம்பிக்கையின் பேரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுத்த ஓராண்டில் இரண்டு பக்கத்தில் விதிமுறை எழுதினோம். குழுவின் பெயரில், இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கணக்கைத் திறந்தோம். முதியோர் பாதுகாப்புக்கான நடைமுறையையும் எழுத்தில் வைத்தோம். பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, இந்த மூன்றும் இருந்தால் போதும் என்று நிலைமை ஆனது. இந்த ஆவணங்கள் அதன் பிறகு கேட்ட ஒவ்வோர் உதவிக்கும் கைகொடுத்தன. கடைத் திட்டத்தால் எங்களுக்குக் கிடைத்தவற்றில் பணத்தைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

விண்ணப்பம் எழுதுவோருக்கு ஒரு சொல். "முதியோர் நலனை மேம்படுத்துதல்" என்று எழுதாதீர்கள். நாங்கள் இரண்டாம் முறை எழுதியது இதுதான்: மண்டபத்து மடக்கு நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் மேசையை அழுத்தி எழும்போது மேசை சாய்கிறது, ஆகையால் கைப்பிடி வைத்த நாற்காலி 12 வேண்டும். எந்தப் பொருள், எத்தனை, என்ன விலை என்று இருந்த அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

2018இல் எங்கள் பெயர் பெட்டியில் ஏறியது. இரண்டு மாதம் வாக்குப் பதிவு. எங்களோடு இருந்த மற்ற இரண்டும் ஒரு தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடலும், நோய் முற்றியவர்களைப் பராமரிக்கும் இல்லத்தின் தோட்டமும். பள்ளிக்கு நூற்றுக்கணக்கான பெற்றோர் உண்டு. பள்ளி வாசலிலேயே செய்தி பரவிவிடும். எங்கள் முப்பது பேரில் பாதிப் பேர் கடைக்கே போக முடியாதவர்கள். இதில் ஒருவரை மட்டும் நான் மறக்க மாட்டேன். எண்பதைக் கடந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் நாள்தோறும் காலையில் கடைக்கு நடந்து போய், ஒரு பைண்ட் பால் வாங்கி, டோக்கன் கேட்டு வாங்கி, எங்கள் அறையில் போட்டுவிட்டு வருவார். வெயிலும் மழையும் அவருக்கு ஒன்றுதான். "ஐயா, இந்தக் குளிரில் ஏன் தினமும் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "பிள்ளை, இது என்ரை காசே? கேட்டால் தருகினம், வாங்கிப் போடுறன். உங்கடை சோத்தைச் சும்மா சாப்பிடேலாது" என்றார். ஒரு நாள் அவரோடு நானும் போனேன். டோக்கனைத் துளையில் விடாமல், விரலால் பிடித்தபடி மற்ற இரண்டு அறைகளின் உயரத்தையும் எங்கள் அறையின் உயரத்தையும் சிறிது நேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு விட்டார். அது சறுக்கிப் போய்க் குவியலின் மேல் விழும் சத்தம் கேட்ட பிறகே நகர்ந்தார்.

எங்களுக்கு மூன்றாமிடமே கிடைத்தது: 1,000 பவுண்டு. நாற்காலி ஒன்று 45 பவுண்டு வீதம் 540. தேநீருக்கான பெரிய மின் கொதிகலன் 110. மீதி 350 பவுண்டில் 14 வாரத்துக்கான மண்டப வாடகை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத் தேடி வந்த இருவர் இன்றும் எங்களோடு பாத்திரம் கழுவுகிறார்கள். அதன் மதிப்பைப் பவுண்டில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தானே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் பெருகிய பிறகு டோக்கன் தருவதற்கு எதிரே ஆளே இல்லை. ஒரு கடையில் பெட்டியைப் பூ வாளிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். இன்னொரு கடையில் வாக்குக் காலம் முடிந்து மூன்று வாரமாகியும் பழைய பெயர்களே ஒட்டியிருந்தன, புதிய அமைப்புகளுக்கு விழ வேண்டிய டோக்கன்கள் யாருக்குப் போயினவோ தெரியாது. மேலாளரிடம் நேரில் சொன்னபோது இரண்டு கடைகளிலும் சரிசெய்தார்கள். சொல்லாதவரை அப்படியே இருந்திருக்கும். இதைவிட ஆழமான குறை, படத்தில் குழந்தையோ நாய்க்குட்டியோ இருக்கும் அமைப்பு முந்திவிடுவது. மனநலம், போதை மீட்பு, சிறையிலிருந்து வெளிவந்தோர் என்று எழுதியிருக்கும் அறைகளில் டோக்கன் அடிமட்டத்திலேயே கிடப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மூன்று தொகைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை நீக்கிச் சமமாகப் பிரித்துக் கொடுத்தாலே நியாயமாக இருக்கும் என்பது என் கருத்து. 2023இல் டெஸ்கோ தன் திட்டத்தைக் குழந்தைகள், இளையோர் பக்கம் திருப்பிவிட்டது. பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பணம் போவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்களைப் போன்ற முதியோர் குழுக்களுக்கு அந்தக் கதவு குறுகிவிட்டது.

ஒரே நாளில் மூடிய கதவும் உண்டு. இணையக் கடையான அமேசானின் அமேசான் ஸ்மைல் என்னும் நன்கொடைத் திட்டம் வழியாக வாங்கினால் தகுதியுள்ள பொருள்களின் விலையில் 0.5 விழுக்காடு நாம் சொல்லும் அறக்கட்டளைக்குப் போகும் என்பதால் அதையும் சில ஆண்டுகள் பயன்படுத்தினேன். 2023 பிப்ரவரி 20 அன்று அதை நிறுத்தினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம், பணம் மிக அதிகமான அமைப்புகளுக்குச் சிதறியதால் ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது சொற்பம் என்பது. 100 பவுண்டுக்கு வாங்கினால் 50 பென்ஸ் என்னும்போது அது உண்மைதான்.

அதனால் இப்போது என் வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். டோக்கன் கிடைத்தால் போடுகிறேன், கிடைக்காவிட்டால் கேட்டு வாங்கிப் போடுகிறேன், குவியல் குறைவாக இருக்கும் அறையில் போடுகிறேன். அதோடு கொடுத்துவிட்டோம் என்று நினைப்பதில்லை. மாதம் 5 பவுண்டை வங்கி வழியாக உள்ளூர் அறக்கட்டளை ஒன்றுக்கு நேரே அனுப்புகிறேன். நான் வருமான வரி கட்டுபவள் என்பதால், கிஃப்ட் எய்ட் என்னும் வரிச்சலுகைப் படிவத்தில் கையெழுத்திட்டதும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் சேர்கிறது. ஆண்டுக்கு 60 பவுண்டு 75 ஆகிறது. டோக்கனுக்கு இந்த வசதி கிடையாது. கடை வாசலில், இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பொருள் கொடுக்கும் உணவு வங்கிக்கான கூடை இருந்தால், போகும்போதே அவர்களின் தேவைப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறேன். பாஸ்தாவும் டின் பீன்ஸும் நிரம்பி வழியும் கூடையில் பற்பசை, சோப்பு, கெடாத பால், டயப்பர் ஆகியவைதாம் குறைவாக இருக்கும். எங்கள் பகுதி உணவு வங்கியில் கேட்டபோது அரிசியும் பருப்பும் கூட வேண்டும் என்றார்கள், அதை நம் கடைகளில் மொத்தமாக வாங்கி நேரே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இந்த ஆண்டு கோ-ஆப்பின் உள்ளூர் நிதிக்கு விண்ணப்பம் தயாராகிறது. கொதிகலனின் குழாய் கசிகிறது, மண்டபத்தின் பின்வாசலில் இரண்டு படிகள் இருப்பதால் சக்கர நாற்காலியில் வருபவரைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுவருகிறோம். மடக்கி வைக்கக்கூடிய ஒரு சாய்தளத்துக்கும் ஒரு குழாய்க்கும் விலை கேட்டு எழுதியிருக்கிறோம்.