ஆறு வருடம் கழித்து ஸ்காமெல் பயனியர்: டயர் தின்ற சக்கரங்கள்

போன வாரம் அலமாரியைத் துடைக்கலாம் என்று ஸ்காமெலைத் தூக்கினேன். ஆறு வருடத்துக்கு முன் நான் கட்டிய பிளாஸ்டிக் மாடல் அது, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய லாரி. வண்டி கையோடு வந்தது. பின் இடது டயர் வரவில்லை. பலகையில் அப்பிக்கொண்டு அங்கேயே இருந்தது, ரிம்மின் ஓரத்தையும் பிய்த்து வைத்துக்கொண்டு.

அன்று சாயங்காலமே ஒரு நண்பர் கேட்டார்: "அந்த ஸ்காமெல் பெட்டி விலை இறங்கியிருக்கே, வாங்கட்டுமா?" கேட்பதற்கு நல்ல நாள் பார்த்தார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன். நிதானம் எத்தனை பத்தி தாங்கும் என்று தெரியாது.

1/35 அளவு, எஸ்வி/2எஸ் வகை, அதாவது பழுதான வண்டிகளைத் தூக்கி இழுத்து வரும் மீட்பு வண்டி. பெட்டியில் என்ன இருக்கிறது, எத்தனை துண்டு என்பதெல்லாம் வாங்க நினைப்பவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. மென்மையான வினைல் டயர் போட்டுத் தரும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

வினைல் ரப்பர் மாதிரி வளைய வேண்டும் என்பதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். அது டயருக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதில்லை. மெல்லக் கசிந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் ரிம்மின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்குள் இறங்குகிறது. ரிம் இளகி, மெழுகாகி, கடைசியில் கூழாகிறது. முதல் வருடம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் வருடம் டயர் மீது அடித்த எனாமல் பெயின்ட் இன்னும் பிசுபிசுக்கிறதே என்று தோன்றும், ஈரப்பதம் என்று நினைத்து விட்டுவிடுவோம். ஆறாம் வருடம் ரிம் இருக்காது. மாடல் கட்டுகிறவர்கள் எத்தனையோ காலமாகப் புலம்பிக்கொண்டிருக்கும் விஷயம் இது. கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. விளக்கத்தாளில் "ரிம்முக்கு ஒரு சுற்று அலுமினியத் தாள் ஒட்டவும்" என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும். அதே தாளில் எந்தப் பெயின்ட் வாங்க வேண்டும் என்பதற்கு அரைப் பக்கம் இருக்கிறது.

சரி, நியாயமாகப் பேசுவோம்.

டயரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நான் கட்டியதிலேயே நல்ல மாடல் இதுதான். முன்னால் காபி பாத்திரம் போல எழுந்து நிற்கும் அந்த ரேடியேட்டர் தொட்டி அப்படியே வந்திருக்கிறது. கார்ட்னர் 6எல்டபிள்யூ டீசல் இன்ஜின், ஆறு சிலிண்டர், 8.4 லிட்டர். மூடியைப் போட்டதும் மறைந்துவிடும் அந்த இன்ஜினுக்கும் ஒழுங்காக அச்சு எடுத்திருக்கிறார்கள். கிரேன் கை உள்ளே போய் வெளியே வருகிறது. வண்டிகளை இழுக்கும் விஞ்ச் உருளையின் கயிறுக்குக் கொடுத்த நூல் மட்டும் குப்பை. நிஜத்தில் 20 மி.மீ. கம்பிக்கயிறு என்றால் இந்த அளவில் 0.57 மி.மீ. வரும், பஞ்சு துருத்தாமல் வர வேண்டும். மெல்லிய பித்தளைக் கம்பிகளை முறுக்கி நானே செய்துகொண்டேன்.

ஆராய்ச்சி என்று இறங்கியதில் பட்ட அடிகளுக்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. பழுது பார்த்துப் பாதுகாத்து வைத்திருக்கும் வண்டிகளின் படங்களை நம்பி, மட்கார்டில் ஆரஞ்சு இண்டிகேட்டர் விளக்கு இரண்டு செய்து ஒட்டினேன். பிறகுதான் உறைத்தது. போர் முடிந்தும் இந்த வண்டிகள் பல வருடம் ராணுவத்தில் ஓடின, பிறகு தனியார் மீட்புக் கராஜ்களுக்குப் போயின. நான் நகலெடுத்தது 1941-ஐ அல்ல, சாலை விதிகளை. பளபளக்கும் அந்தக் கரும்பச்சை பெயின்ட்டும் போருக்குப் பிந்தையதுதான். இன்னொன்று: 1941 வட ஆப்பிரிக்கா என்று முடிவு செய்து மணல் நிறம் அடித்துவிட்டு, கதவில் ரீமி (பிரிட்டிஷ் ராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் படைப்பிரிவு) சின்னத்தின் டீகாலை, அதாவது நீரில் ஊறவைத்து ஒட்டும் படத்தாளை, ஒட்டினேன். ரீமி உருவானதே 1942 அக்டோபர் 1-ல். எகிப்தில் இரண்டாம் எல் அலமைன் சண்டை தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது. அதற்கு முன் இந்த வேலை ஆர்ட்னன்ஸ் கோர் என்ற ராணுவத் தளவாடப் பிரிவின் கையில் இருந்தது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்த கதை. ஊறவைத்துச் சுரண்டி எடுத்தேன், கதவில் இன்னும் ஒரு வெளிறிய சதுரம் இருக்கிறது.

உருப்படியாகக் கற்றது ஒன்று உண்டு. டயர் அளவு 13.50-20, அதாவது ரிம் 20 அங்குலம், 508 மி.மீ. இந்த அளவில் 14.5 மி.மீ. பக்கவாட்டில் நேராக எடுத்த பழைய படம் கிடைத்தால் அந்த ரிம்தான் அளவுகோல். கண்ணுக்குத் தெரியும் விளிம்பு அதைவிடக் கொஞ்சம் பெரியது, அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சக்கரம் இருக்கும் அதே தளத்தில் உள்ளதை மட்டும் அளக்க வேண்டும். கருவிப்பெட்டி, படிக்கட்டு, முன்னால் தொங்கும் எடைக்கட்டி எல்லாம் இப்படித்தான் சரிபார்த்தேன். அந்த எடைக்கட்டி அலங்காரம் இல்லை. கிரேனில் ஒரு லாரியைத் தொங்கவிட்டால் பாரம் பின்னால் இழுத்து முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் கேட்காது. அதைத் தரையில் அழுத்தி வைக்கத்தான் அது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1927-ல் ஆலிவர் நார்த் வடிவமைத்த வண்டி இது. பின்னால் நான்கு சக்கரம் என்றாலும் ஆக்சில் ஒன்றுதான். அதன் இரு முனையிலும் ஒரு நீண்ட பெட்டி, தராசுத் தண்டு மாதிரி நடுவில் தாங்கி நிற்கிறது. ஒரு தட்டு ஏறினால் மறுதட்டு இறங்கும். அந்தப் பெட்டிக்குள்ளேயே பல்சக்கரங்கள் வரிசையாகப் போய், பெட்டியின் இரு நுனியிலும் உள்ள சக்கரங்களை ஓட்டுகின்றன. ஒரு சக்கரம் இரண்டடி உயரம் ஏறி இறங்கினாலும் நான்கும் தரையை விடாது. இந்த அளவில் அது 17 மி.மீ. கட்டும்போது அந்த மூட்டில் பசை போடாமல், துளையிட்டு ஒரு பித்தளைக் குழாயைச் செருகினேன். ஆறு வருடமாக, யார் வந்தாலும் ஒரு புத்தகத்தின் மேல் இந்த வண்டியை ஏற்றிக் காட்டியிருக்கிறேன். வந்தவர்கள் பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு ஒரு தடவைகூட அலுக்கவில்லை.

ரிப்பேருக்கு வருவோம். ஆறு ரிம்மையும் வெட்டி எறிந்துவிட்டு, டயரும் ரிம்மும் ஒன்றாக வார்த்த ரெசின் சக்கரம் வாங்கிப் போட்டேன். ரெசினில் இந்தக் கசிவுத் தொல்லை கிடையாது. தேய்க்கும்போது முகமூடி போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மூன்று ராத்திரி போனது. வழக்கம்போல முடித்ததும் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் காகிதத்தைத் தள்ளிப் பார்த்தேன். பின்னால் நான்கும் பிடித்துக்கொண்டன. முன் இடது பிடித்தது. முன் வலதுக்கு அடியில் காகிதம் சரளமாகப் போய் வந்தது.

சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அளந்தேன். ஆறும் ஒரே அளவு. பிறகு வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது.

நிஜ ஸ்காமெலில் முன் ஆக்சிலும் நடுவில் ஒற்றை மூட்டில்தான் ஆடுகிறது, குறுக்காக ஒரு ஸ்பிரிங் பட்டையோடு. முன்னால் ஒரு புள்ளி, பின்னால் தராசு இரண்டுக்கும் இரண்டு புள்ளி. ஆக மொத்தம் வண்டி உட்கார்ந்திருப்பது மூன்றே புள்ளியில். அது ஒரு முக்காலி. நாற்காலி கோணல் தரையில் தடதடக்கும், முக்காலியை எங்கே போட்டாலும் ஆடாது. நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், பெயின்ட் அடிக்கும்போது முன் ஆக்சில் சாய்கிறதே என்று அந்த ஒற்றை மூட்டில் ஒரு சொட்டுப் பசை விட்டிருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால். முக்காலியை நாற்காலி ஆக்கிவிட்டு, பின்பக்கத்தை மட்டும் புத்தகத்தின் மேல் ஏற்றி வித்தை காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படியானால் இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? அந்தப் பாழாய்ப்போன வினைல் டயர்தான் காரணம். இளகி, நசுங்கி, ரிம்முக்குள் புதைந்து, என் தப்பை ஆறு வருடம் மூடி வைத்திருக்கிறது. நன்றி சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பலகையில் இருந்த கறுப்புக் கறை கண்ணில் பட்டது. மாட்டேன்.

நண்பருக்கு நான் சொன்னது: வாங்காதீர்கள். நல்ல பெட்டிதான், மேலே எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. அவர் விடவில்லை: "டயரை மாத்திட்டா சரிதானே?" சரிதான். ஆனால் எனக்கு இப்போது "வாங்குங்கள்" என்று சொல்ல மனசு வரவில்லை. விரல் நுனியில் அந்தப் பிசுக்கு இன்னும் இருக்கிறது. அடுத்த மாதம் கேளுங்கள் என்றேன்.

முன் மூட்டை மெல்லிய ரம்பத்தால் அறுத்துவிட முடியும். அறுத்தால் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் குழாய்கள் போகும், மணல் நிறம் போகும். நேற்று ராத்திரி ரம்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மறுபடி ஒருமுறை கண்ணாடியில் நிறுத்திக் காகிதத்தைத் தள்ளினேன். போனது. ரம்பம் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது.