போன் சிஸ்டம் அப்கிரேடு: அதே சர்வரிலா, பக்கத்தில் புதிதாகவா?

அலுவலக போன் சிஸ்டத்தின் மென்பொருளைப் புதுப்பிக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே புதிய பதிப்பை ஏற்றுவது ஒன்று. பக்கத்தில் புது சர்வரை எழுப்பி, போன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே நகர்த்துவது இன்னொன்று. இவற்றை ஒப்பிடும்போது பலரும் "எத்தனை மணி நேரம் போன் நிற்கும்?" என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, ஏதாவது தவறினால் எவ்வளவு சீக்கிரம், எதை இழந்து, பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதை.

அதே சர்வரில் ஏற்றுவது சுலபமாகத் தெரியும். ஐபி முகவரி மாறாது. மேசையில் இருக்கும் எந்த போனையும் தொட வேண்டாம். வெளி லைன் தரும் நிறுவனத்திடம் பேச வேண்டியதில்லை. சர்வர் விர்ச்சுவல் மெஷினாக (மென்பொருளால் உருவாக்கிய கணினியாக) இருந்தால் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் பிரதி, எடுத்துவிட்டு இரவில் வேலையைத் தொடங்கலாம். கெட்டுப்போனால் சில நிமிடங்களில் பழையபடி ஆக்கிவிடலாம். ஆனால் அந்தக் கதவு நேரம் ஆக ஆகச் சாத்திக்கொண்டே வரும். ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு வந்த வாய்ஸ்மெயில், கால் ரெக்கார்டிங், அழைப்புப் பதிவு அத்தனையும் திரும்பும்போது போய்விடும்.

ஒருமுறை இதில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை இரவு அப்கிரேடு முடித்து, உள்ளே வெளியே பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். திங்கள் காலை ரிசப்ஷனில் இருந்தவர் கூப்பிட்டார்: "சார், பட்டன்ல லைட்டே எரியல. யார் லைன்ல இருக்காங்கன்னு தெரியாம நான் எப்படி கால் மாத்துறது?" எக்ஸ்டென்ஷன்களைப் புதிய டிரைவருக்கு (போன்களோடு பேசும் மென்பொருள் பகுதிக்கு) மாற்றியபோது, அந்த விளக்குகளுக்கான அமைப்பு ஒன்று கூடவே வராமல் நின்றுவிட்டது. ஸ்னாப்ஷாட் கையில் இருந்தது. ஆனால் இரண்டு நாள் வாய்ஸ்மெயிலும் அதற்குள் சேர்ந்துவிட்டதே! அவர் ஒவ்வொரு அழைப்பையும் காத்திருக்க வைத்து, எழுந்து எட்டிப் பார்த்து மாற்றிவிட்டுக்கொண்டிருக்க, ஓடும் சர்வரிலேயே பிழையைத் தேடித் திருத்தினேன். பேசினால் கேட்கிறதா என்று மட்டும் பார்த்தது என் தவறு. அன்றிலிருந்து ரிசப்ஷன் போனில்தான் என் சோதனை தொடங்குகிறது.

சிறிய பதிப்பு மாற்றத்துக்கு இந்த வழி போதும். பெரிய தாவல் என்றால் கதை வேறு. பல அலுவலக போன் சிஸ்டங்களை இயக்கும் மென்பொருளான ஆஸ்டரிஸ்க்கின் 21ஆம் பதிப்பில், சிப் (SIP) என்ற இணையவழி போன் நெறிமுறைக்கான பழைய சான்-சிப் டிரைவர் நீக்கப்பட்டு, பிஜேசிப் மட்டுமே இருக்கிறது. மேக்ரோ என்ற பழைய கட்டளை முறையை வைத்து எழுதிய டயல்பிளானும் (அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதிகள்) அந்தப் பதிப்பிலிருந்து ஓடாது. ஆஸ்டரிஸ்க்கைத் திரையில் நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸின் 16ஆம் பதிப்புத் தொகுப்பு, சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளத்தின் வழி வந்தது. சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. ஃப்ரீபிபிஎக்ஸ் 17 வேறொரு இயங்குதளமான டெபியன் 12இல் இயங்குகிறது. அடித்தளமே மாறுவதால் பேக்கப் எடுத்துப் புது சர்வரில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

பக்கத்தில் எழுப்பும் வழியின் சூட்சுமம் வெளி லைனில் இருக்கிறது. அந்த லைனை சர்வரோடு சேர்க்கும் இணைப்பான ட்ரங்கைக் கடைசிவரை பழைய சர்வரிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு சர்வருக்கும் நடுவில் ஒரு சிப் ட்ரங்க் போட்டால், புது சர்வருக்குப் போன போன்கள் பழையதன் வழியாகவே வெளியே பேசும். நகர்ந்த எக்ஸ்டென்ஷனுக்கு வரும் அழைப்பைப் பழைய சர்வர் அந்தப் பாலத்தில் அனுப்பிவிடும். முதல் நாள் உங்கள் ஐடி ஆட்கள் மட்டும், பிறகு ஒரு துறை, பிறகு அடுத்தது. சிக்கல் வந்தால் அந்தத் துறையின் போன்களை மட்டும் பழையதற்குத் திருப்பினால் போதும். மற்றவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. வரும் அழைப்புகளை வரிசையில் நிறுத்தி ஆட்களுக்குப் பகிரும் க்யூவில் மட்டும் கவனம் வேண்டும். ஒரே க்யூவில் அழைப்பு எடுப்பவர்கள் அனைவரும் ஒரே நாளில் நகர வேண்டும். பாதிப் பேர் அங்கும் பாதிப் பேர் இங்குமாக இருந்தால் யார் ஃப்ரீ என்பது க்யூவுக்குச் சரியாகத் தெரியாது.

இன்னொன்று, ரெஜிஸ்ட்ரேஷன் நேரம், அதாவது போன் தன்னை சர்வரில் திரும்பத் திரும்பப் பதிந்துகொள்ளும் இடைவெளி. பல போன்களில் இது 3600 விநாடி. சர்வரின் பெயர் காட்டும் முகவரியை டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவையில்) மாற்றினாலும், அடுத்த ரெஜிஸ்ட்ரேஷன்வரை போன் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அதனால் முந்தைய நாளே இதை 120 விநாடிக்கும், டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 விநாடிக்கும் குறைத்துவிடுவேன். போன்களில் நேரடி ஐபி முகவரி எழுதியிருந்தால் இந்த வித்தை செல்லாது. போன் தன் அமைப்புகளை எடுத்துக்கொள்ளும் ப்ரொவிஷனிங் ஃபைலை மாற்றி, போனை ரீபூட் செய்ய வேண்டும்.

இந்த வழியின் குறை உழைப்பு. சில வாரங்களுக்கு இரண்டு சிஸ்டம். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் இரண்டிலும் பதிய வேண்டும். வாய்ஸ்மெயிலை ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக நகலெடுக்க வேண்டும்.

சர்வரே வேண்டாம், கிளவுடுக்குப் போய்விடலாமே என்பது மூன்றாவது வழி. இணைய வேகம் பெரும்பாலும் தடையாகாது. குரலை அனுப்பும் வழக்கமான முறையான ஜி.711இல் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் விநாடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட், 30 அழைப்புக்கு 2.6 மெகாபிட். தாமதம்தான் உறுத்தும், ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது. ஆனால் உங்கள் எண்களை கிளவுட் நிறுவனத்துக்கு மாற்றும் (போர்ட் செய்யும்) நாள் உங்கள் கையில் இல்லை. எண்களைத் திரும்பப் பெறுவது ஓர் இரவில் ஆகிற காரியமும் அல்ல. மென்பொருளைப் புதுப்பிப்பது மட்டுமே நோக்கம் என்றால் இதை நான் சொல்லமாட்டேன்.

பதினைந்து இருபது போன், சிறிய பதிப்பு மாற்றம், ஒரே இடம் என்றால் அதே சர்வரில் செய்துவிடுங்கள். அதற்கு மேல் எதுவானாலும் என் ஓட்டு பக்கத்தில் எழுப்புவதற்குத்தான். எந்த வழியாக இருந்தாலும் லிஃப்ட் போன், வாசல் இன்டர்காம், ஃபேக்ஸ், அவசர எண் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்; அவசர எண்ணுக்கு மட்டும் முன்கூட்டியே அந்த அவசர சேவையின் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சர்வரை அணைத்து வையுங்கள், அழிக்காதீர்கள். மாதக் கடைசியில் ஒரே ஒருமுறை ஃபேக்ஸ் அனுப்பும் கணக்குப் பிரிவின் வேலை புது சர்வரில் ஒழுங்காக முடிந்த பிறகு, பழைய சர்வரை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.